எந்தச் சொல்லால் கேட்பது?

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டறிவது எளிது. எந்த மொழியில் கேட்டாலும் விடை மாறாது. ஆனால், "இறைவனை உணர்ந்ததுண்டா?" என்று ஊர் ஊராகக் கேட்டுக் கணக்கெடுக்க இயலுமா? இயலும் என்று துணிந்த அறிஞர் சிலர் உண்டு.

அவர்களுள் ஒருவர் சர் அலிஸ்டர் ஹார்டி. கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்த இந்த விஞ்ஞானி, 1969-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரில் சமய அனுபவங்களை ஆராய ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த கேள்வியின் சாரம் இதுதான்: கடவுள் என்று அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், நம் அன்றாட இயல்புக்கு வேறான ஒரு பிரசன்னத்தையோ சக்தியையோ எப்போதாவது உணர்ந்ததுண்டா? 1976-இல் பிரிட்டனில் இதைக் கேட்டபோது, நூற்றுக்குச் சுமார் 36 பேர் "ஆம்" என்றனர்.

மாணவியரே, இக்கேள்வியைத் தமிழில் ஆக்கிப் பாருங்கள்; எத்தனை இடர்ப்பாடுகள்! "பிரசன்னம்" என்றதும் நமக்கு நற்கருணைப் பேழை நினைவுக்கு வரும். அடுத்த வீட்டாருக்கோ சோதிடர் பிரசன்னம் பார்ப்பது நினைவுக்கு வரலாம். "சக்தி" என்றால் இந்துச் சகோதரி அம்மனை நினைப்பாள். விஞ்ஞானம் படிக்கும் சிறுமி மின்சக்தியை நினைப்பாள். "ஆவி" என்று மாற்றினாலோ, நாம் பரிசுத்த ஆவியை எண்ணுவோம். கிராமத்துப் பாட்டி பேய் என்று அஞ்சுவாள். சொல் ஒன்றுதான், கேட்பவர் செவியில் விழும் கேள்விகளோ பல.

இதற்கு அறிஞர்கள் கையாளும் வழி ஒன்றுண்டு. ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைக் காணாத வேறொருவர் மீண்டும் முதல் மொழிக்கே பெயர்ப்பார். இரண்டையும் ஒப்பிட்டால் பிழைகள் பல வெளிப்படும். ஆயினும் இது மட்டும் போதாது. "ஆவி" என்ற சொல் பிழையின்றித் திரும்பி வரும். பாட்டியின் அச்சம் திரும்பி வராதன்றோ! ஆகவே கணக்கெடுப்புக்கு முன்பே எளிய மக்கள் சிலரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, "இதற்கு என்ன பொருள் கொண்டீர்கள்?" என்று கேட்டறிதல் வேண்டும்.

சீன நாட்டின் அனுபவம் இதை நன்கு விளக்கும். "சமயம்" என்பதற்குச் சீனர் இப்போது வழங்கும் சொல், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியர் வழியாக அப்பொருளில் பரவியது. அதைக் கேட்டால், ஒரு சபையில் உறுப்பினராய் இருப்பதையே பலர் எண்ணுவர். 2005-இல் அங்கு 3,196 பேரிடம் நடந்த ஆய்வில், தம்மைச் சமயத்தவர் என்றோர் 8.7 சதவீதமே. மனிதரால் கட்டுப்படுத்தவோ தெளிவாக விளக்கவோ இயலாத ஒரு சக்தியை உணர்ந்ததுண்டா என்றபோதோ, 56.7 சதவீதத்தினர் "ஆம்" என்றனர். இரண்டும் வேறு வேறு கேள்விகள்தாம். ஆனால் முதற் கேள்வியோடு நிறுத்தியிருந்தால், பாதிக்கு மேற்பட்டோரின் அனுபவம் ஏட்டில் ஏறாமலே போயிருக்கும்.

ஒருவர் "இல்லை" என்று சொல்வது, அனுபவம் இல்லாததாலும் இருக்கலாம்; கேட்ட சொல் அவருடையதாக இல்லாததாலும் இருக்கலாம். வேற்றுச் சமயத்தாருடன் கூடி வாழும் நமக்கும் இது நல்ல பாடம். பிறர் நெஞ்சின் ஆழத்தை அறிய விரும்பினால், முதலில் அவர் பேசும் சொல்லைக் கற்போம், பிறகு கேட்போம்.