பேச்சுக்கலையும் பள்ளிக்கூடமும் – 6: ஒப்பித்தலுக்கும் பேச்சுக்கும் இடையே

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பருவத்தில், அதாவது ஏறத்தாழ 11 வயதுக்கும் 13 வயதுக்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில், தமிழ்நாட்டு மாணவர் ஒருவருக்கு மேடைப் பேச்சு அறிமுகமாவது பெரும்பாலும் பேச்சுப் போட்டி என்னும் ஒரே வாயில் வழியாகத்தான். காமராசர் பிறந்த நாளான ஜூலை 15இல் கல்வி வளர்ச்சி நாள், அடுத்த மாதம் விடுதலை நாள், செப்டம்பர் 5இல் ஆசிரியர் நாள், நவம்பர் 14இல் குழந்தைகள் நாள் என்று கல்வியாண்டு முழுவதும் போட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தலைப்பு அறிவிக்கப்பட்டதும் தமிழாசிரியரோ பெற்றோரோ, சில வீடுகளில் கல்லூரியில் படிக்கும் அக்காவோ, மூன்று நிமிடத்துக்குரிய உரையை எழுதித் தர, மாணவர் அதை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடும் கையசைவோடும் ஒப்பித்து இறங்குகிறார். இம்முறையைக் கேலி செய்வது எளிது. இத்தனை பள்ளிகளில் இத்தனை காலமாக அது ஏன் நிலைத்திருக்கிறது என்பதற்குக் காரணம் காண்பது அவ்வளவு எளிதன்று. காரணம் தெரியாமல் மாற்று வழி சொல்வதிலும் பயனில்லை.

பண்டைய கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் சொற்பொழிவுக் கலையை ஐந்து கூறுகளாகப் பிரித்தனர். சொல்ல வேண்டிய பொருளைத் தேடிக் கண்டடைதல், கண்டடைந்ததை வரிசைப்படுத்துதல், அதற்கேற்ற மொழிநடையை அமைத்தல், நினைவில் இருத்துதல், குரலாலும் உடலாலும் நிகழ்த்திக் காட்டுதல் என்பவை அவை. சிசரோ இளமையில் எழுதிய நூலிலேயே இப்பகுப்பு இடம்பெற்றுவிட்டது. நம் பள்ளிப் பேச்சுப் போட்டியை இந்தப் பகுப்பின் மேல் வைத்துப் பார்த்தால், முதல் மூன்று கூறுகளையும் எழுதித் தருபவர் செய்து முடித்துவிடுகிறார் என்பதும், கடைசி இரண்டு மட்டுமே மாணவரின் பங்காக எஞ்சுகின்றன என்பதும் தெரிகின்றன. பரிசு மாணவருக்கு வழங்கப்படுகிறது. ஆனால் பேச்சின் சிந்தனைப் பகுதி முழுவதும் வேறொருவருடைய உழைப்பு.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம் நகரில் பேச்சுக்கலை கற்பித்த குயின்டிலியன், சொற்பொழிவாளரின் கல்வி குறித்துத் தாம் எழுதிய 12 பகுதிகள் கொண்ட நூலில், சிறுவர்கள் தாங்கள் எழுதியதையெல்லாம் மனப்பாடம் செய்து குறித்த நாளில் ஒப்பிக்கும் வழக்கத்தைக் கண்டிக்கிறார். பிள்ளை அடிக்கடி மேடையேறினால்தான் படிப்பு முன்னேறுகிறது என்று நம்பும் தந்தையரே இவ்வழக்கத்தை வற்புறுத்துகின்றனர் என்றும் அவர் குறைபடுகிறார். ஆண்டு விழா மேடைக்கு எதிரில் செல்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் பெற்றோரை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. மனப்பாடத்தையே அவர் ஒதுக்கவில்லை. சிறந்த ஆசிரியர்களின் உரைப் பகுதிகளை நெட்டுருச் செய்தால் நல்ல சொற்களும் தொடர்களும் மாணவரிடம் தாமாகவே சேரும் என்பதும், சொந்த உரையை ஒப்பிக்கும் வாய்ப்பை உண்மையிலேயே தேர்ந்த ஒன்றை எழுதியபோது கிடைக்கும் வெகுமதியாக வைக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. பிறர் உரையை மனப்பாடம் செய்வது மொழிப் பயிற்சி, தன் உரையைப் பேசுவது சிந்தனைப் பயிற்சி என்று இரண்டையும் அவர் தனித்தனியே வைத்தார். நம் போட்டியோ முதலாவதைச் செய்யவைத்து இரண்டாவதன் பெயரால் பரிசு தருகிறது.

பயிற்சிகளின் வரிசையும் கவனிக்கத்தக்கது. கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அஃப்தோனியஸ் தொகுத்த தொடக்கப் பயிற்சி நூலில் 14 பயிற்சிகள் படிப்படியாக அமைந்துள்ளன. நீதிக்கதையைத் திருப்பிச் சொல்வது முதலாவது; நடந்ததை விவரிப்பது இரண்டாவது; சான்றோர் ஒருவரின் சொல்லையோ செயலையோ விரித்துரைப்பது மூன்றாவது. ஒரு செய்தி நம்பத்தக்கதா என்று மறுத்தும் நிறுவியும் பேசும் பயிற்சிகள் அடுத்து வருகின்றன. ஒருவரைப் புகழ்ந்து பேசுவது எட்டாவது இடத்தில்தான் வருகிறது. தலைவர்களின் பிறந்த நாளை ஒட்டியே போட்டி நடத்தும் நம் பள்ளிகள், ஏழு படிகளையும் தாண்டி எட்டாம் படியில் மாணவரை ஏற்றிவிடுகின்றன. புகழுரை கடினமான வகை. பேசப்படுபவரின் வாழ்க்கையும் காலமும் தெரியாதவரின் கையில் அது அடைமொழிகளின் அடுக்காகச் சுருங்கிவிடும். காமராசரைப் பற்றிப் பேசும் 12 வயது மாணவர், மதிய உணவுத் திட்டம் எந்தப் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது என்பதை அறியாமலேயே கர்மவீரர், பெருந்தலைவர், கல்விக்கண் திறந்தவர் என்று அடுக்கிக்கொண்டே போவதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

இவ்வளவும் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் மனப்பாடம் இத்தனை உறுதியாக வேரூன்றியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கும் மேடைக்கும் மற்றொரு வடிவமும் ஒரே மொழிக்குள் பக்கம் பக்கமாக வழங்கும் நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இக்கருத்து பரவலான ஆய்வுக்கு உள்ளாயிற்று. வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் ‘வந்துட்டாங்க’ என்று பேசும் மாணவர் மேடையில் ‘வந்துவிட்டார்கள்’ என்றாக வேண்டும். எழுதும்போது நின்று நினைத்து மாற்றிக்கொள்ள நேரம் உண்டு. பேசும்போது அந்த நேரம் இல்லை. கருத்தைத் தேடுவது, வரிசையைக் காப்பது, கூட்டத்தைப் பார்ப்பது ஆகியவற்றோடு ஒவ்வொரு வினைமுற்றையும் மற்றொரு வழக்குக்கு மாற்றும் சுமையும் சேரும்போது, 11 வயது மனம் எழுதப்பட்ட உரையில் அடைக்கலம் புகுவது இயல்பே. மனப்பாடத்தைச் சோம்பலின் விளைவு என்று கருதும் ஆசிரியர்கள் இந்தச் சுமையைக் கணக்கில் எடுப்பதில்லை.

மேடைத் தமிழுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கம், கிறித்தவச் சபையினரின் போதனை முறையை நன்கறிந்த ஒருவர் அதைத் தம் சமயத்துக்கு ஏற்றவாறு எடுத்தாண்டதன் விளைவு. அரசியல் மேடையில் செந்தமிழ் கோலோச்சத் தொடங்கியது 1940களுக்குப் பின் அண்ணா, கருணாநிதி முதலிய திராவிட இயக்கப் பேச்சாளர்களால்தான் என்பதை, மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்டு பேட் 2009இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்கிறார். எதுகையும் மோனையும் இழையும் அந்த நடை அரை நூற்றாண்டுக் காலம் கேட்போரைக் கட்டிப்போட்டது. பள்ளி மேடையில் இன்றும் ஒலிப்பது அந்த நடையின் எதிரொலியே. அந்தப் பேச்சாளர்களின் பரந்த வாசிப்பும் சொல்லிச் சொல்லிப் பெற்ற பழக்கமும் மட்டும் மாணவரிடம் இல்லை.

மனப்பாட உரை எங்கே முறிகிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். ‘அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்’ என்று தொடங்கும் மாணவர் நான்காவது தொடரில் ஒரு சொல்லைத் தவறவிட்டதும் நின்றுவிடுகிறார். கண்கள் கூரையை நோக்குகின்றன. விரல்கள் சட்டை ஓரத்தைத் திருகுகின்றன. முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை உதட்டசைவால் அடியெடுத்துக் கொடுக்கிறார். அடி கிடைக்காவிட்டால் மாணவர் மறுபடியும் ‘அவையோர் அனைவருக்கும்’ என்பதிலிருந்தே தொடங்குகிறார். ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லுக்கு மட்டுமே கொக்கியாக அமைந்துள்ள நினைவில் நடுவழியில் ஏறுவதற்கு இடமில்லை; தலையிலிருந்து வந்தால்தான் வால் வரும். பொருளை நினைவில் வைத்திருப்பவர் ஒரு சொல் தவறினால் வேறொரு சொல்லை வைத்துத் தாண்டிச் செல்வார். ஆகவே சிக்கல் நினைவாற்றல் குறைவானது அன்று. நினைவில் வைக்கப்பட்டது எது என்பதே சிக்கல்.

இதிலிருந்து கற்பிக்கும் வழியும் புலப்படுகிறது. மாணவர் முதலில் தம் சொந்தப் பேச்சு வழக்கிலேயே, தாம் நேரில் அறிந்த ஒன்றைப் பற்றி, எதிரே உள்ள ஒருவருக்குச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, தெருக் குழாயைப் பற்றிப் பேசும் ஏழாம் வகுப்பு மாணவி, ‘எங்க தெருவுல காலைல அஞ்சு மணிக்குத்தான் தண்ணி வரும், பாட்டிதான் மொதல்ல குடத்த கொண்டுபோய் வரிசைல வப்பாங்க’ என்று சொல்வதாகக் கொள்ளலாம். அடுத்த முறை அதே செய்தியை வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்லும்போது, ‘எங்கள் தெருவில் காலை ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வரும், பாட்டிதான் முதலில் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைப்பார்’ என்று மாறுகிறது. மாறியவை சில ஒலிகளும் விகுதிகளும் மட்டுமே; தொடரின் அமைப்பும் பொருளும் அவளுடையவையாகவே இருக்கின்றன. ‘நீரின்றி அமையாத இவ்வுலகில்’ என்று வேறொருவர் எழுதித் தரும் தொடக்கத்தைவிட இது அலங்காரம் குறைந்தது. ஆனால் இதில் பாட்டி இருக்கிறார், குடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கேட்பவர் நம்பத்தக்க ஒரு தெரு இருக்கிறது. ஒரே செய்தியை இரண்டு வழக்கிலும் மாறி மாறிச் சொல்லும் இப்பயிற்சி சில மாதங்கள் தொடர்ந்தால், வழக்கு மாற்றம் சிந்தனையைத் தடுக்கும் சுமையாக இருப்பது படிப்படியாகக் குறையும். அலங்காரத்தை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம்.

முழு உரையை எழுதிவைப்பதற்கு மாற்றாக, ஓர் அட்டையில் ஐந்தாறு குறிப்புச் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு பேசச் செய்வது அடுத்த படி. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. 2007ஆம் ஆண்டை ஒட்டி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் புகுத்தப்பட்ட முறையில், பாடத்தைப் படித்த மாணவர் அதன் கருத்துகளைக் கிளை கிளையாகப் பிரித்து மனவரைபடம் வரைய வேண்டும். அதன்பின் குழுவாகத் தொகுத்து வகுப்பின்முன் வழங்க வேண்டும். மனவரைபடம் பேச்சுக் குறிப்பாகப் பயன்படுவதற்கு மிகப் பொருத்தமானது. ஏனெனில் அதில் முழுத் தொடர்கள் இல்லை, ஒவ்வொரு கிளையையும் தொடராக்கும் வேலை பேசும் வாய்க்கே விடப்படுகிறது. ஆனால் அழகாக வண்ணமிட்ட வரைபடம் பார்வையிட வரும் அலுவலருக்குக் காட்ட ஏற்றதாக இருந்ததாலோ என்னவோ, வரைதல் முதன்மை பெற்று வழங்குதல் பின்னுக்குப் போயிற்று.

அச்சத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எல்லோரும் தம்மையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதாக வளரிளம் பருவத்தினர் எண்ணும் போக்கை அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் கற்பனை அவையோர் என்று குறிப்பிட்டார். மூன்றாம் வகுப்பில் துள்ளிக் குதித்து மேடையேறிய குழந்தை ஏழாம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் ஒளிவதற்கு இதுவும் ஒரு காரணம். கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளுக்குள் இருக்கும் படபடப்பு பேசுபவர் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்தவர்கள் ஏனையோரைவிட நன்றாகப் பேசினர் என்பது தெரியவந்தது. அதில் பங்கேற்றோர் கல்லூரி மாணவர்கள். 12 வயதினருக்கு இச்செய்தியை விளக்கமாகச் சொல்வதைவிட, பேசி முடித்தவரிடம் எவ்வளவு பயந்தாய் என்றும் கேட்டவர்களிடம் எவ்வளவு பயம் தெரிந்தது என்றும் பத்துக்கு இத்தனை என எழுதச் செய்து, இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டுவது பயன் தரலாம். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரமாகவும் அமைந்திருப்பதும் பயிற்சி முறைக்கு ஒத்துவருகிறது. கேட்பவர் யார் என்று அறிந்து, அவருக்குச் சொல்வதற்கென்று ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அச்சம் பாதி குறைந்துவிடும். வெறுமனே ‘பயப்படாதே’ என்று தட்டிக்கொடுப்பதால் குறைவதில்லை.

நேரம் எங்கே என்னும் ஆசிரியரின் கேள்வி நியாயமானது. தமிழ்ப் பாடநூலின் ‘மொழியை ஆள்வோம்’ பகுதி தலைப்புகளைத் தந்து இரண்டு நிமிடம் பேசுக என்கிறது. வகுப்பில் 40 பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கே 80 நிமிடம், ஏறக்குறைய இரண்டு பாடவேளைகள், தேவை. எழுத்துத் தேர்வில் அதற்கு இடமும் இல்லை. எனவே வகுப்பில் நன்றாகப் பேசும் இரண்டு மூன்று பேரே எப்போதும் எழுப்பப்படுகின்றனர். நால்வர் கொண்ட பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒரே நேரத்தில் குழுவுக்கு ஒருவர் என்று பேசச் செய்தால் எட்டு நிமிடத்தில் அனைவரும் பேசி முடிப்பர். வகுப்பில் இரைச்சல் எழும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். அந்த இரைச்சலைத் தலைமையாசிரியர் ஒழுங்கீனமாகக் கருதாதவரைதான் இம்முறை நீடிக்கும்.

போட்டியைக் கைவிட வேண்டியதில்லை. உச்சரிப்பு, கருத்து, மேடைப் பாங்கு, நேரம் என்று மதிப்பெண் பிரிக்கும் நடுவர் தாளில் ஒரேயொரு மாற்றம் போதும்: உரை முடிந்ததும், மாணவர் சொன்னவற்றிலிருந்தே நடுவர் ஒரு கேள்வி கேட்க, மாணவர் அரை நிமிடம் விடை சொல்ல வேண்டும். பொது அறிவை அளக்கும் கேள்வியாக அது இருக்கக் கூடாது. ‘இந்தச் செய்தியை ஏன் முதலில் வைத்தாய்’, ‘இதை உன் ஊரில் எங்கே பார்த்தாய்’ என்னும் வகையில் அமையலாம். விடையைப் பேச்சு வழக்கில் சொன்னாலும் மதிப்பெண் குறைக்கலாகாது. கூச்சமுள்ள மாணவருக்கு இது கூடுதல் சுமை என்னும் மறுப்புக்கு இடமுண்டு என்பதால், முதல் ஆண்டில் இதற்கு மதிப்பெண்ணே வைக்காமல் நடத்திப் பார்க்கலாம். அப்படியொரு கேள்வி காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், முந்தைய நாள் மாலை வீட்டில் உரையை எழுதி நீட்டும் பெரியவர், பிள்ளையின் எதிரே உட்கார்ந்து அந்தக் கேள்விகளைத் தாமே கேட்டுப் பார்க்கத் தொடங்குவார்.

(தொடரும்)