வீரனின் பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் யார் கட்டுவது?

எல்லையில் ஒரு ஜவான் விழுந்தால் அவனுடைய ஊருக்கு அன்று ஒரு நாள் தேசமே வந்துவிடுகிறது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வருகிறது. கலெக்டர் வருகிறார், மந்திரிகள் வருகிறார்கள், மலர் வளையங்கள் வருகின்றன. வானத்தை நோக்கித் துப்பாக்கிகள் முழங்குகின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பந்தலைப் பிரித்து விடுகிறார்கள். அதற்கப்புறம் ஜூன் மாதம் வருகிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது. மூத்தவனுக்கு ஆறாம் வகுப்பு, இளையவளுக்கு இரண்டாம் வகுப்பு. சம்பளச் சீட்டை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டுகிறார்கள். இந்தச் சீட்டுக்கு யார் பதில் சொல்வது?

"சர்க்கார் சொல்லும்" என்பதே இந்நாட்டின் விடை. ஆனால் அந்த விடை உருவானதற்கும், நடுவில் ஒரு முறை தடுமாறியதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நிறைந்த தமிழ்நாட்டில் அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையைச் சுற்று வட்டாரத்தார் 'ராணுவப்பேட்டை' என்றே அழைப்பதுண்டு. அத்தகைய ஊர்களில் இது வெறும் சட்ட விவகாரம் அல்ல, அடுப்படி விவகாரம்.

டாக்காவுக்குப் பின் இரண்டாம் நாள்

1971 டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் சேனை சரணடைந்தது. நாடு முழுவதும் வெடி வெடித்துக் கொண்டாடியது. அதற்கு இரண்டே நாட்கள் கழித்து, டிசம்பர் 18ஆம் தேதி, லோக்சபையில் ஓர் அறிவிப்பு வந்தது. யுத்தத்தில் உயிர் நீத்தவர்கள், காணாமல் போனவர்கள், உறுப்பு இழந்து நிரந்தரமாக ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படிப்பதற்கு ஆகும் செலவைச் சர்க்காரே ஏற்கும் என்பதே அது. 1972இல் முப்படைகளுக்கும் உத்தரவு போயிற்று. அதிகாரி பிள்ளை, சிப்பாய் பிள்ளை என்ற பேதம் அதில் இல்லை. பள்ளிக்கூடமானாலும் கல்லூரியானாலும், தொழில் கல்வியே ஆனாலும், முதல் பட்டம் வாங்கும் வரையில் சம்பளம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஹாஸ்டல் கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவற்றுக்கும் வழி செய்யப்பட்டது. பள்ளி மட்டும் சர்க்காருடையதாகவோ, சர்க்கார் உதவி பெறுவதாகவோ, அங்கீகாரம் பெற்றதாகவோ இருக்க வேண்டும்.

வெற்றிக் களிப்பில் பிறந்த வாக்குறுதிகள் பல, களிப்பு அடங்கியதும் மறக்கப்படுவது உண்டு. இது மறக்கப்படவில்லை. மறக்கப்படாதது மட்டுமல்ல, நீண்டுகொண்டே போயிற்று. 1984இல் சியாச்சின் பனிமலையில் தொடங்கிய 'மேகதூத்' நடவடிக்கைக்கும், 1987இல் இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையின் 'பவன்' நடவடிக்கைக்கும் இச்சலுகை பின்னர் விஸ்தரிக்கப்பட்டது. உள்நாட்டில் தீவிரவாதிகளை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர்களின் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். பிரகடனம் செய்யப்பட்ட யுத்தத்தில் செத்தால்தான் வீர மரணம், பனிச் சரிவில் புதைந்தால் அது வேறு என்று சொல்ல முடியுமா? சியாச்சினில் குண்டைவிடக் குளிருக்குப் பலியானவர்களே அதிகம் என்பதைப் பட்டாளத்தார் அறிவார்கள்.

பத்தாயிரம் ரூபாய்க் கோடு

இப்படியே நாற்பத்தைந்து வருஷம் ஓடிய ஏற்பாட்டில், 2017இல் ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. ஏழாவது சம்பளக் கமிஷனின் சிபாரிசுகளைச் சர்க்கார் அமலாக்கியபோது, எத்தனையோ படிகளுக்கிடையே இந்தக் கல்விச் சலுகையும் ஓர் இனமாகப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் இருந்த மற்றவற்றுக்கு வரம்பு போட்டது போலவே இதற்கும் போட்டு விட்டார்கள். பள்ளிச் சம்பளமும் ஹாஸ்டல் கட்டணமும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. 2017 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து அமல்.

பத்தாயிரம் என்பது கிராமத்துப் பள்ளியை நினைத்தால் பெரிய தொகைதான். ஆனால் ஹாஸ்டலில் தங்கி என்ஜினீயரிங்கோ வைத்தியமோ படிக்கும் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? கல்லூரியில் மூன்றாம் வருஷத்தில் இருந்தவனைப் பார்த்து, "இதுவரை கட்டினோம், இனிப் பாதி நீயே கட்டிக்கொள்" என்பது போலாயிற்று. இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பிள்ளையின் தகப்பனார் சம்பளக் கமிஷனிடம் முறையிட முடியாத இடத்துக்குப் போய்விட்டவர்.

சர்க்கார் இதனால் மிச்சம் பிடித்தது எவ்வளவு? பார்லிமெண்டில் கேள்வி எழுந்தபோது கணக்கு வெளியாயிற்று. வரம்பினால் பாதிக்கப்படுவோர் சுமார் 250 மாணவர்கள். வருஷத்துக்கு மீதமாகும் பணம் சுமார் 3.20 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 1,28,000 ரூபாய். ராணுவத்துக்காக ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கோடி செலவிடும் ஒரு தேசத்தின் வரவு செலவில் மூன்று கோடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஆனால் 1,28,000 ரூபாயை ஒரு விதவை எங்கே தேடுவாள்?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 2016-17இல் ஒரே ஒரு மாணவருக்காக அதிகபட்சம் 18.95 லட்ச ரூபாய் கொடுக்கப்பட்டதும் அதே கணக்கில் இருந்தது. பொதுப் பணத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா என்று கோப்பு பார்க்கும் அதிகாரி கேட்டால், அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அசாதாரணமான ஒரு தொகையைக் கண்டு அஞ்சி, இருநூற்றைம்பது பேர் மேல் கோடு கிழித்தது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். அப்படிப்பட்ட ஓரிரண்டு மனுக்களைத் தனியே எடுத்துப் பரிசீலிக்க எவ்வளவோ வழி இருந்தது.

முன்னாள் படைவீரர்கள் குரல் எழுப்பினார்கள். பத்திரிகைகள் எழுதின. முப்படைத் தளபதிகளின் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்த கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லன்பா, ராணுவ மந்திரி நிர்மலா சீதாராமனுக்குக் கடிதமே எழுதினார். பணம் பெரிதல்ல, இந்தக் குடும்பங்களின் தியாகத்தை நாடு மறக்கவில்லை என்று காட்டும் அடையாளம் அது என்பது அக்கடிதத்தின் சாரம். படைத் தலைவர் ஒருவர் பீரங்கிக்கும் கப்பலுக்கும் எழுதுவது வழக்கம். பள்ளிச் சம்பளத்துக்காகப் பேனா எடுத்தது அபூர்வம். 2018 மார்ச் மாதத்தில் சர்க்கார் வரம்பை நீக்கிற்று. பழையபடி முழுத் தொகையும் கிடைக்க வழி பிறந்தது.

உபகாரச் சம்பளங்கள்

போரில் விழுந்தவரின் குழந்தைக்கு மேற்சொன்ன சலுகை உண்டு, சரி. பட்டாளத்தில் இருக்கும்போதே வியாதியால் காலமானவர், நடு வயதில் ஓய்வு பெற்று வந்து பிறகு காலமானவர் ஆகியோரின் பிள்ளைகள் என்ன செய்வது? அவர்களுக்கு வேறு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

அவற்றுள் பெரியது பிரதம மந்திரி உபகாரச் சம்பளத் திட்டம். சீனப் படையெடுப்பின்போது, 1962இல், தாய்மார்கள் தாலிக்கொடியைக் கூடக் கழற்றிக் கொடுத்தார்களே, அந்தத் தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்துதான் இதற்குப் பணம் வருகிறது. அன்று பாட்டி போட்ட வளையல் இன்று யாரோ ஒரு பேத்தியின் கல்லூரிச் செலவுக்கு உதவுகிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சாகாது. 2006-07இல் தொடங்கிய இத்திட்டத்தின் மாதத் தொகை 2019இல் உயர்த்தப்பட்டது. பையன்களுக்கு 2,000 ஆக இருந்தது 2,500 ஆகவும், பெண்களுக்கு 2,250 ஆக இருந்தது 3,000 ஆகவும் ஆயிற்று. வருஷத்துக்கு 5,500 பேர். அதில் சரிபாதி பெண்கள். போரில் மாண்டவர் குடும்பத்துக்கு முதலிடம், போரில் ஊனமுற்றவர் குடும்பத்துக்கு அடுத்த இடம், பணியின் காரணமாக இறந்தவர் குடும்பத்துக்கு அதற்கடுத்த இடம் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு போன்ற தகுதிப் பரீட்சையில் நூற்றுக்கு 60 மார்க் வாங்கியிருக்க வேண்டும். தொழில் கல்விப் பட்டப் படிப்பாக இருக்க வேண்டும். தமிழ் இலக்கியமோ சரித்திரமோ படிக்க விரும்பும் பெண்ணுக்கு இதில் இடமில்லை என்பது ஒரு குறைதான்.

ஹவில்தார் வரையிலான பதவிகளில் இருந்தவர்களின் குழந்தைகளுக்கு ராணுவ மந்திரியின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வேறோர் உதவி கிடைக்கிறது. முதல் வகுப்பிலிருந்து பட்டப் படிப்பு வரை, இரண்டு குழந்தைகளுக்கு, தலைக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2025 நவம்பர் முதல் அதை 2,000 ஆக்கியிருக்கிறார்கள். இப்பணத்தின் ஊற்று கொடி நாள் நிதி. 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னஞ்சிறு காகிதக் கொடிக்காகப் போட்ட காசு எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு, இதுவும் ஒரு பதில்.

இனிஷியல் செய்யும் வேலை

பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. மனுப் போட்டவுடன் வந்துவிடுமா என்றால், அங்கேதான் சங்கடம். மத்திய சைனிக் போர்டின் உதவிகளுக்கு இப்போது மனுக்கள் கம்ப்யூட்டர் மூலமாகப் போகின்றன. அவற்றைச் சரிபார்ப்பது மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம். படைவீரரின் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, மார்க் ஷீட், பள்ளியில் படிப்பதற்கான அத்தாட்சி, பாங்க் கணக்குப் புத்தகம் என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. நம் ஊரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவது வழக்கம். வடக்கத்திய பாணியில் அமைந்த ராணுவ ரெக்கார்டுகளிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஆளெடுப்பின்போது எழுத்தர் காதில் விழுந்தது ஒரு விதம், பள்ளி ஆசிரியர் எழுதியது ஒரு விதம், ஆதாரில் ஏறியது வேறு விதம். 'முருகேசன்' என்பவர் ஓரிடத்தில் 'முருகேஷ்' ஆகியிருப்பார். மனைவியின் பெயரிலோ குழந்தையின் பிறந்த தேதியிலோ ஒன்று மாறியிருந்தால் போதும், மனு திரும்பி வந்துவிடும். உயிரோடு இருக்கும் ஜவான் லீவில் வந்தபோதே ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்திக்கொள்வது எளிது. அவர் போன பிறகு அந்த ஓரெழுத்தைத் திருத்த அவர் மனைவி எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்! இன்று சேவையில் இருக்கும் தம்பிமார்கள் அடுத்த லீவில் செய்யவேண்டிய முதல் காரியம் இதுதான்.

பிரான்சில் ஒரு தத்துப் பிள்ளை

இந்தப் பிரச்சினை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. முதல் மகா யுத்தத்தில் லட்சக்கணக்கான தகப்பன்மாரை இழந்த பிரான்ஸ், 1917 ஜூலை 27ஆம் தேதி ஒரு சட்டம் செய்தது. போரில் மாண்டவர்களின் பிள்ளைகளை தேசமே தத்தெடுத்துக்கொள்ளும் என்றது அச்சட்டம். காயத்தினால் உழைக்கச் சக்தியற்றுப் போனவர்களின் குழந்தைகளையும் அது விட்டுவிடவில்லை.

அப்படித் தேசத்தின் பிள்ளையானவர்களில் ஒருவன், அல்ஜியர்ஸ் நகரத்து ஏழைப் பேட்டையில் வளர்ந்தான். அவனுக்கு ஒரு வயது நிரம்புமுன் 1914இல் தகப்பன் மார்ன் போரில் காயப்பட்டு இறந்தான். எழுதப் படிக்கத் தெரியாத தாய், வீட்டு வேலை செய்து பிழைத்தாள். பையனைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது பாட்டியின் எண்ணம். லூயி ஜெர்மேன் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் குறுக்கிட்டு, வீட்டாரிடம் வாதாடி, தனிப் பாடம் சொல்லி, 1924இல் அவனை உபகாரச் சம்பளப் பரீட்சையில் தேற வைத்தார். அவன்தான் அல்பேர் காம்யு. 1957இல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற சில வாரங்களில் அந்தப் பழைய ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதினான். சட்டம் பணத்தைக் கொடுக்கும். வீட்டு வாசலில் வந்து நின்று "இவனைப் படிக்க வையுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதை நம் ஊர் வாத்தியார்களும் கவனிக்கலாம்.

அமெரிக்கா 1956இல் யுத்த அநாதைகளின் கல்விக்கென்று சட்டம் கொண்டுவந்தது. சில வருஷங்களில் முழு ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 1968இல் இன்னும் ஒரு படி மேலே போய், விதவைகளே கல்லூரிக்குப் போனாலும் உதவி உண்டு என்றார்கள்.

தாய்க்கும் ஒரு பெஞ்சு

அந்த யோசனை நம் திட்டங்களிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரதம மந்திரி உபகாரச் சம்பளத்துக்குப் படைவீரரின் பிள்ளைகள் மட்டுமல்ல, அவருடைய விதவையும் மனுச் செய்யலாம். ராணுவ மந்திரியின் நிதியிலோ, இரண்டு வருஷ முதுகலைப் படிப்பில் சேரும் விதவைக்கும் அந்த மாத உதவி உண்டு. இருபத்தைந்து வயதில் பொட்டு அழிந்து, மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பி.ஏ. படித்த பெண்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். பிள்ளையின் மனுவோடு அலுவலகத்துக்கு வரும்போது, தன் பெயருக்கும் ஒரு மனு எழுதலாம் என்று அங்கே யாரேனும் அவளுக்குச் சொன்னால், அடுத்த ஜூனில் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் புத்தகப் பையோடு புறப்படுவார்கள்.