இருவர் நடுவே இருவர்

பெர்லினில் வாழ்ந்த தம்பதியருள் கணவன் ஜெர்மானியனாகவும் மனைவி போலந்து நாட்டவளாகவும் இருந்து, மணவாழ்வு முறிந்தபின், இருவருக்கும் உரிமையுள்ள குழந்தையைத் தந்தையின் சம்மதமின்றித் தாய் தன் பிறந்த நாட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவாளாயின், அவர்களது பிணக்கு, குழந்தைகளை நாடு கடந்து கொண்டுசெல்வது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வழக்காகிவிடுகிறது. குழந்தை திரும்பிச் செல்ல வேண்டுமா என்பதொன்றே அங்கே பிரதான கேள்வி; அதன்பின் அது யாரோடு வாழ்வது, விடுமுறையை எங்கே கழிப்பது, பாட்டியின் பாஷையை மறவாமலிருக்க என்ன வழி என்பவை அவ்வழக்கின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

அவற்றைப் பெற்றோரே பேசித் தீர்ப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடுதான் இரட்டை மத்தியஸ்தம். ஜெர்மானிய, பிரெஞ்சுத் தம்பதியரிடையே முன்னரே பரீட்சிக்கப்பட்ட இம்முறைக்கு, 2007ஆம் ஆண்டு போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரில் வெளியான பிரகடனம் இலட்சணம் வகுத்தது: மத்தியஸ்தருள் ஒருவர் ஆண், மற்றவர் பெண், ஒருவர் சட்டம் பயின்றவர், மற்றவர் மனோதத்துவம் போன்ற துறை கற்றவர், ஒருவர் தந்தையின் தேசத்தவர், மற்றவர் தாயின் தேசத்தவர்.

தமக்கென ஒரு வக்கீல் வாய்த்தார் என்று இரு சாராரும் முதலில் மகிழ்வது இயல்பே. ஆனால் ஜெர்மானிய மத்தியஸ்தர் தாயின் அச்சத்தையும், போலந்து மத்தியஸ்தர் தந்தையின் ஏக்கத்தையும் அக்கறையோடு விசாரிக்கக் காணும்போது அந்த எண்ணம் தளர்கிறது. ஒருவர் ஜீவனாம்சக் கணக்கைப் பேசிக்கொண்டிருக்கையில், மற்றவர் எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைக் கவனித்துப் பேச்சை நிறுத்துகிறார். பெற்றோர் கேட்டிருக்க, மத்தியஸ்தர் இருவரும் தங்களுக்குள் ஐயங்களை உரத்துப் பேசிக்கொள்வதும் உண்டு. அபிப்பிராய பேதம் கொண்ட இருவர் ஒருவரையொருவர் அவமதியாமல் பேச முடியும் என்பதை, பல மாதங்களாக வக்கீல் கடிதங்கள் வழியே மட்டும் பேசிவந்த தம்பதியர் அங்கே கண்ணெதிரே காண்கிறார்கள். இருவருக்கு ஊதியம் கொடுப்பது வீண்செலவு என்று குறை சொல்வோர் இந்தப் பலனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வழக்கை ஆறு வாரங்களுக்குள் முடிக்க ஒப்பந்தம் எதிர்பார்ப்பதால், வாரம் ஒருமுறை கூடும் அவகாசம் கிடையாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில், நீண்ட அமர்வுகளாகவே பேச்சு நடைபெறுகிறது. தீர்ப்பு வழங்கும் அதிகாரமோ, ஒரு கட்சிக்கு மட்டும் சட்ட ஆலோசனை கூறும் உரிமையோ மத்தியஸ்தர்க்கு இல்லையாகையால், எழுதி முடித்த உடன்படிக்கையை அவரவர் வக்கீல் பரிசீலித்த பின்னரே பெற்றோர் கையொப்பமிடுகின்றனர். பின்பு, இரு நாடுகளிலும் அது செல்லுபடியாவதற்குரிய உத்தரவை நீதிமன்றத்தில் பெறுகின்றனர்.