தனித்து நின்ற தமையன்

வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகள் இன்று விரும்பிக் கேட்கும் பாட்டு, நமக்குப் பாட்டாகவே தோன்றுவதில்லை. இராகம் இல்லை, தாளத்தின்மேல் சொற்கள் மழையெனப் பொழிகின்றன. ராப் எனப்படும் இக்கலையை நாமும் முதலில் இரைச்சலென்றே ஒதுக்கினோம். ஒரு பாடகரின் வரலாற்றை அறிந்தபின் நம் எண்ணம் மாறிற்று.

டேனியல் டுமிலே 1971இல் லண்டனில் பிறந்தவர். தந்தை ஜிம்பாப்வே நாட்டவர். தாய் டிரினிடாட் தீவினர். குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவுக்கு வந்து, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வளர்ந்தார். தம்பியோடு சேர்ந்து கே.எம்.டி. என்னும் குழுவில் பாடினார். 1991இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்து நற்பெயர் ஈட்டியது.

1993இல் இடி விழுந்தது. சாலையைக் கடக்கும்போது கார் மோதித் தம்பி மாண்டார். இருபது வயதும் நிரம்பவில்லை. இரண்டாம் தட்டைத் தமையன் ஒருவராகவே முடித்தார். கறுப்பின மக்களை இழிவுசெய்யும் பழைய கேலியுருவம் தூக்கிலிடப்படுவதாக அதன் அட்டையில் வரைந்திருந்தார். அப்படம் பூசலை எழுப்பவே, 1994இல் நிறுவனம் தட்டை வெளியிடாது கைவிட்டது. தம்பியும் இல்லை, குழுவும் இல்லை, பிழைப்பும் இல்லை. மன்ஹாட்டன் வீதிகளில் திரிந்து, பொது இருக்கைகளில் உறங்கிய நாட்களும் உண்டு.

சில ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கில் கவிஞர்கள் கூடும் சிறிய அரங்கொன்றில், காலுறையால் முகத்தை மூடிய ஒருவர் பாடினார். அவர் டுமிலேதான். பின்னர் அக்காலுறை உலோக முகமூடியாயிற்று, பெயரும் எம்.எஃப். டூம் என்றாயிற்று. தோற்றத்தை விடுத்துச் சொல்லைக் கேளுங்கள் என்பதே அதன் பொருள். பெருநிறுவனங்களின் துணையின்றி, வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நடத்திய சிறு நிறுவனத்தின் வழியாக, 1999இல் ‘ஆபரேஷன் டூம்ஸ்டே’ என்னும் தனித்தட்டை வெளியிட்டார். அதில் கேள்விக்குறி ஒன்றையே தலைப்பாகக் கொண்ட பாடல் உண்டு. அதன் முடிவில் அவர் இறந்த தம்பியை விளித்துப் பேசுகிறார். தனியே பாட வந்தவர் தனியே வரவில்லை! 2004இல் மேட்லிப் என்பாருடன் இணைந்து அளித்த ‘மேட்வில்லனி’ அவர் புகழை உலகெங்கும் பரப்பியது.

ஆனால் புகழ் குடியுரிமை ஆகாது. 2010இல் வெளிநாட்டுக் கச்சேரிகளை முடித்துத் திரும்பியவரை அமெரிக்கா உள்ளே விடவில்லை. அவர் அந்நாட்டுக் குடிமகன் அல்லர். வளர்ந்த மண்ணில் மனைவி மக்கள் இருக்க, அவர் லண்டனில் தங்க நேர்ந்தது. பின்னரே குடும்பம் அங்கு வந்து சேர்ந்தது. 2020 அக்டோபர் 31இல் இங்கிலாந்தில் மறைந்தார். அச்செய்தியை ஆண்டின் இறுதி நாளில்தான் உலகம் அறிந்தது.

நம் பிள்ளை ஒருவன் கூட்டத்தை விட்டுத் தனிவழி தேடினால் நாம் கலங்குகிறோம். உறவை உதறிவிட்டான் என்று வருந்துகிறோம். அவன் எதை விட்டுச் செல்கிறான் என்று மட்டும் பார்த்தல் போதாது. எதைச் சுமந்து செல்கிறான் என்றும் பார்த்தல் வேண்டும். இன்று மாலை அவன் கேட்கும் பாட்டை நாமும் சற்று உடனிருந்து கேட்போமாக.