மாற்றுக் கல்லீரல் பெற்ற குழந்தையின் குடிநீருக்கு யார் பொறுப்பு?

கல்லீரலோ சிறுநீரகமோ மாற்றப்பட்ட குழந்தை, புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க, நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அக்குழந்தை வீடு திரும்பும்போது பெற்றோர் கேட்கும் முதல் அறிவுரைகளுள் ஒன்று, தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்பது. காய்ச்சும் பொறுப்பு தாயின்மீது விழுகிறது. காய்ச்சாமல் குடிக்க முடியாத நீரை அனுப்பியவர் யார் என்ற கேள்வி எழுவதேயில்லை.

அந்த அறிவுரைக்குப் பின்னுள்ள நோய்களுள் ஒன்று ஹெப்படைட்டிஸ் ஈ. மனித மலம் கலந்த நீர்வழிப் பரவும் இவ்வைரஸ், உடல்நலமுள்ளோரிடம் மஞ்சள் காமாலையாகத் தோன்றிப் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு உயிரையே பறிக்கக்கூடும். உறுப்பு மாற்றம் பெற்றோரிடம் இது நாட்பட்ட நோயாக நிலைக்கலாம் என்று 2008இல் பிரான்ஸ் மருத்துவர்கள் காட்டினர். 2012இல் கனடாவில் கல்லீரல் மாற்றப்பட்ட குழந்தைகளிடமும் இது பதிவானது.

அந்நாடுகளில் காணப்படுவது பன்றி இறைச்சி வழியாகப் பரவும் மூன்றாம் மரபுவகை. இந்தியாவில் மனிதர்களிடம் பரவுவது பெரும்பாலும் முதல் மரபுவகை. அது நாட்பட்டதாக மாறுவது அரிது. ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. தொற்றால் கல்லீரல் நொதிகள் உயரும்போது, அதை உறுப்பு நிராகரிப்பு எனத் தவறாகக் கருதி மருந்தின் அளவைக் கூட்டினால், வைரஸுக்கே வழி திறந்துவிடப்படுகிறது. நாட்பட்ட தொற்றில் செய்ய வேண்டியது நேர்மாறானது: கவனமாக அளவைக் குறைப்பது, தேவைப்பட்டால் ரிபாவிரின் தருவது. இக்குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றாமலும் போகலாம் என்பதால், வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனை இன்றியமையாதது.

இனி நீருக்கு வருவோம். 1955-56இல் டெல்லியில் யமுனையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் புகுந்தது. குளோரின் கூட்டப்பட்டதால் பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை, வைரஸோ தப்பியது. ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெப்படைட்டிஸ் ஈ என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே உறுதியானது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் 2007 முதல் இயங்குகிறது. ஆனால் நிலையத்தில் தூய்மையாகும் நீர், குழாயின் கடைக்கோடியிலும் தூய்மையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விட்டுவிட்டு நீர் வழங்கப்படும் இடங்களில், குழாய் வெறுமையாகும்போது அழுத்தம் குறைந்து, அருகிலுள்ள சாக்கடையின் கசிவு உள்ளே இழுக்கப்படுகிறது.

இந்த மாசு எல்லோரையும் சமமாகத் தீண்டுவதில்லை. புனேயில் நடந்த ஓர் ஆய்வில், கழிவுநீர்த் தொழிலாளர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இத்தொற்றின் தடயம் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அத்தொழிலுக்கு யார் தள்ளப்படுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில், தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது குழந்தைகள் நோயுற்ற பின்னரே தெரியவந்தது.

மாசற்ற நீர் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் குமார் வழக்கில் 1991இலேயே கூறிவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் உறுப்பு மாற்று அறுவைக்குச் செலவிடும் அரசு, அந்த உறுப்பைக் காக்கும் நீருக்கும் பொறுப்பேற்க வேண்டும். இக்குழந்தைகளுக்கு நொதிகள் உயரும்போதெல்லாம் ஆர்.என்.ஏ. சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

நம் கையிலும் ஒரு கருவி உண்டு. ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரநிர்ணயம், நுகர்வோர் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. வைரஸிலிருந்து பாதுகாப்புத் தேவைப்படும்போது 0.5 மில்லிகிராம். உங்கள் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் காலனியின் கடைசிக் குழாயில் இந்த அளவு எத்தனை முறை சோதிக்கப்பட்டது, முடிவு என்ன? சோதனையே நடக்கவில்லை என்று பதில் வந்தால், அதுவே வழக்கின் முதல் ஆவணம்.