தண்ணீரில் மட்டும் ஒருவர் நடந்து போவார்: செல்போனில் வீடியோ கலை

சென்னை மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் நின்றால் தெப்பக்குளத்துக்கு அப்பால் கபாலீசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரம் தெரியும். காலையில் சூரியன் அதன் பின்னாலிருந்து ஏறும். அங்கே செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். யாராவது முன்னால் கடந்தால் படம் சட்டென்று வெளுக்கும். அவர் போனதும் இருளும். வெளிச்சத்தை முடிவு செய்வது நீங்கள் அல்ல, போன்.

அந்த முடிவைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் முதல் பாடம். பெரும்பாலான போன்களில் திரையை விரலால் சில நொடிகள் அழுத்தினால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆகிவிடும்.

குறும்படத்துக்கு ஒரு கதை வேண்டும். வீடியோ கலைக்குக் காலமே மூலப்பொருள். கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக் 1974-இல் ஒரு புத்தர் சிலைக்கு எதிரே கேமராவையும் டிவியையும் வைத்தார். புத்தர் டிவியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

கற்றுக்கொள்கிறவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது, அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா 1977 முதல் 1979 வரை செய்த ‘தி ரிஃப்ளெக்டிங் பூல்’. ஏழு நிமிடம். மரங்களுக்கு நடுவே ஒரு குளம். ஒருவர் கரையில் நின்று பாய்கிறார். உடல் சுருண்டபடி அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அலை வளையங்கள் எழுகின்றன. கரையில் இல்லாத மனிதர்களின் பிம்பம் அதில் நகர்கிறது. கேமராவை இம்மியும் அசைக்காமல் பலமுறை பதிவு செய்து, கரையை ஒரு பதிவிலிருந்தும் தண்ணீரை இன்னொன்றிலிருந்தும் எடுத்து இணைத்திருக்கிறார்.

இதை மயிலாப்பூரிலேயே செய்யலாம். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை என்பதால் சாலையோரம்தான் இடம். போனை ட்ரைபாடில் இறுக்குங்கள், ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தும் விரலே படத்தை நகர்த்திவிடும் என்பதால் சின்ன புளூடூத் ரிமோட் ஒன்று கையில் இருக்கட்டும். எதிர்க்கரைப் படியில் ஆளில்லாதபோது ஒரு பதிவு, ஆட்கள் நடக்கும்போது இன்னொன்று. இடையில் நேரம் நீண்டால் வெயில் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கைன்மாஸ்டர் போன்ற செயலியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெறும் படி இருக்கும் பதிவில் தண்ணீர்ப் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து நீக்குங்கள். ஒட்டுக்கோடு தண்ணீரைத் தொடும் படியோடு போகட்டும். மேலே வெறும் படிக்கட்டு. தண்ணீரில் மட்டும் ஒருவர் நடந்து போவார்.

தி.நகரில் சிக்கல் வேறு. ரங்கநாதன் தெருக் கடைவிளக்குகளை இரவில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அதை போன் பிடித்துவிடுகிறது. புரோ மோடில், அல்லது இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலியில், நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும். ஆனால் மறைத்தே தீர வேண்டுமா? அந்தத் தெருவின் துடிப்பே அதுதான் என்று உங்களுக்குத் தோன்றினால் விட்டுவிடுங்கள். தெரியாமல் வந்தால் பிழை, தெரிந்து வைத்தால் உங்கள் படைப்பு.

அடையாறு உடைந்த பாலத்தருகே கடற்காற்று மைக்கில் இரைச்சலாகத்தான் விழும். ஒலியைத் தனியாக, காற்றுக்கு முதுகு காட்டிப் பதிவு செய்யுங்கள்.

எடுத்ததை எப்படிக் காட்டுவது என்பதும் படைப்பின் ஒரு பாதி. இந்தியக் கலைஞர் நளினி மலானி ஐபேடில் விரலால் வரைந்த 88 அனிமேஷன்களை, ‘கேன் யூ ஹியர் மீ?’ என்ற பெயரில், 2020-இல் லண்டன் வைட்சேப்பல் காட்சிக்கூடத்தின் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்று படர ஓடவிட்டார். கையகலத் திரையில் பிறந்தவை பார்ப்பவரை நாலாபக்கமும் சூழ்ந்துகொண்டன. உங்களுக்கு வீட்டுச் சுவரும் வாடகை புரொஜெக்டரும் போதும். முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றிப் போகும் இடத்தில் வெட்டி, லூப்பில் விட்டு, விளக்கை அணையுங்கள்.