கடைசி சீட்டுக்கும் குளிர் வர வேண்டும்

ராமகுப்பத்திலிருந்து திருப்பதிக்கோ வேலூர் ஆஸ்பத்திரிக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஏழு பேர் உட்காரும் வண்டியைத்தான் பேசுவார்கள். கடைசி வரிசை பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. வெயில் காலத்தில் முன்னால் இருப்பவர் துண்டைப் போர்த்திக்கொள்வார். பின்னால் பிள்ளைகளின் சட்டை நனைந்திருக்கும். ஏசிக்கான வாடகை மட்டும் மொத்த வண்டிக்கும்.

சில கார்களில் பின்பக்கம் இருப்பது வெறும் காற்றுக் குழாய். முன் ஏசியின் குளிரே நடுவழியாகப் பின்னால் வருகிறது. பெரிய வண்டிகள் பலவற்றில் பின்னால் தனி கூலிங் காயில், தனி ப்ளோயர் உண்டு. கம்ப்ரஸர் மட்டும் ஒன்றே. வண்டி பேசும்போதே இன்ஜினை ஓடவிட்டு, சில நிமிடம் கழித்துக் கடைசி வரிசையின் கூரைத் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள். முன்னால் நன்றாகக் குளிர்ந்து, பின்னால் வெறும் காற்று மட்டும் வேகமாக வந்தால், பின்பக்க எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் குளிர் குறைந்தால் கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றினால், கொடுத்த பணம் சில வாரத்தில் ஆவியாகிவிடும்.

பணம் வீணாவதைவிடப் பெரிய ஆபத்து நிறுத்திய வண்டியில். இன்ஜின் நின்றால் சாதாரண பெட்ரோல், டீசல் வண்டிகளில் குளிர் வராது. 2025 மே மாதம் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடியில், நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டதில் மூச்சுத்திணறி இறந்தார்கள். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், கேரவனுக்குள் தூங்கிய இருவர் ஜெனரேட்டர் புகையால் உயிரிழந்தார்கள்.

ஏசிக்கென்று பணம் வாங்கிக்கொண்டு சேவை தராவிட்டால், அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. புது வண்டியின் பின் ஏசி வாரண்டிக்குள் திரும்பத் திரும்பப் பழுதானாலும் புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும், ராமகுப்பத்துக்காரர் தன் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம்.

சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் ‘ஏசி செக்’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். ‘பின்பக்கம் குளிர் வரவில்லை’ என்று எழுதச் சொல்லி, நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.